டீசல் வண்டியும் இடப்பக்க இருக்கையும்

என் அமெரிக்கக் காரில் இடப்பக்கம் இருக்கிற ஓட்டுநர் இருக்கையின் கால்மிதி இன்னும் புதிதாகவே இருக்கிறது. பக்கத்து இருக்கையின் கால்மிதிதான் தேய்ந்து ஓட்டை விழுந்துவிட்டது. அது என் கணவரின் வலது கால் செய்த வேலை. நான் ஓட்டும்போது முன்னால் போகிற காரில் சிவப்பு விளக்கு எரிந்தால் போதும், அங்கே இல்லாத பிரேக்கை ஓங்கி அழுத்துவார். கூடவே பல்லிடுக்கில் "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் வரும். எங்கள் மகள் பின்சீட்டில் குழந்தை இருக்கையில் உட்கார்ந்த காலத்திலேயே இதற்கு "அப்பா பிரேக்" என்று பேர் வைத்துவிட்டாள். இத்தனை வருடத்தில் நான் போலீஸிடம் ஒரு அபராத டிக்கெட் வாங்கியதில்லை. அவர் வாங்கியிருக்கிறார். அந்தப் பேச்சை எடுத்தால் உடனே தட்பவெப்பத்தைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்.

நாங்கள் மோட்டார் ஹோம், அதாவது சமையலறையும் படுக்கையும் உள்ள வீட்டு வண்டி, வாங்கிய கதையை இந்தக் கால்மிதியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இரண்டு பேரும் ஓய்வு பெற்றிருந்தோம். அவர் கோயம்புத்தூரில் பம்பு கம்பெனியில் ஆரம்பித்து, ஹூஸ்டன் எண்ணெய் நிறுவனத்தில் பம்பு வடிவமைத்தே முடித்தவர். நான் மென்பொருளில் பிழை தேடுகிற வேலை பார்த்தவள். எது எப்போது உடையும் என்று யோசிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் இருக்கும் வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு வருடம் ஊர் சுற்றுவது, முதலில் கலிபோர்னியாவில் சான்டா கிளாராவில் இருக்கும் மகளைப் பார்ப்பது, பிறகு மேலே வடக்கே கால் போன போக்கில் போவது என்று திட்டம். அந்தத் திட்டத்தில் ஒரு பிழை இருந்தது. அவருக்கு இடுப்பில் நரம்பு அழுந்துகிறது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் வலது கால் மரத்துவிடும். பேர்லேண்டிலிருந்து இரண்டு மணி நேரம் என்றால் பாதி டெக்சாஸ்கூடத் தாண்டாது. ஆக, பாதித் தூரம் நான் ஓட்டினால்தான் பயணம், இல்லாவிட்டால் பயணமே இல்லை.

இதை நான் வாய்விட்டே சொன்னேன். "பாத்துக்கலாம் அம்மிணி" என்றார். எங்கள் வீட்டில் "பாத்துக்கலாம்" என்றால் முடியாது என்று அர்த்தம்.

அடுத்து வந்தது பெட்ரோலா டீசலா என்ற வழக்கு. இங்கே பெட்ரோலை கேஸ் என்பார்கள். கேஸ் மோட்டார் ஹோமில் எஞ்சின் முன்னால், நம் முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கும். விலை குறைவு, எந்த மெக்கானிக்கும் தொடுவார். டீசலில் எஞ்சின் கடைசியில், படுக்கைக்கு அடியில். முன்னால் சத்தமே கேட்காது. மலை ஏறும், இறங்கும்போது எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். ஆனால் வண்டி கனம். அவர் பார்த்து வைத்திருந்த டீசல் வண்டிக்கு டெக்சாஸில் சாதாரண லைசென்ஸ் போதாது, பெரிய வண்டிக்கான தனி லைசென்ஸ் வேண்டும். அவர் டீசல் கட்சி. நான் கேஸ் கட்சி. என்னுடைய காரணம் ஒன்றே ஒன்றுதான். கேஸ் வண்டியை என் கையில் இருக்கிற லைசென்ஸை வைத்தே ஓட்டலாம். டீசல் வாங்கிவிட்டால் சாவி அவர் பாக்கெட்டிலேயே இருந்துவிடும், நான் ஒரு வருடமும் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து முறுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பேன். எனக்கு அது வேண்டாம்.

விஷயம் கோயில் கேன்டீன் வரைக்கும் போனது. ஞாயிற்றுக்கிழமை புளியோதரைத் தட்டோடு உட்கார்ந்தால் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். சொந்தமாக ஒரு கூடாரம்கூட வைத்திருக்காதவர்கள் எல்லாம் எஞ்சினின் டார்க், இழுவிசை என்று பேசினார்கள். எல்லோரும் என் கணவரின் முகத்தைப் பார்த்தே பேசினார்கள். ஐ.டி.யில் இருக்கிற ஒரு தம்பி, நல்ல பையன்தான், என் பக்கம் திரும்பி, "ஆன்ட்டிக்கு என்ன ஜாலி! அங்கிள் டிரைவ் பண்ணுவார், நீங்க பின்னாடி கிச்சன்ல சூடா காபி போட்டுக்கிட்டே வரலாம்" என்றார்.

"ஓடற வண்டில பெல்ட் போடாம எந்திரிச்சு நிக்கக் கூடாது தம்பி" என்றேன். "வேணும்னா நிறுத்தி நீங்க காபி போட்டுக் குடுங்க. நான் குடிச்சிட்டு ஓட்டறேன்."

மேசையே சிரித்தது. என் கணவரும் சிரித்தார். நான் ஜோக் அடிக்கவில்லை என்பது ஒருத்தருக்கும் புரியவில்லை. காருக்குள் வந்ததும் கதவை வேண்டுமென்றே கொஞ்சம் அழுத்திச் சாத்தினேன்.

வாங்குவதற்கு முன்னால் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்ப்போம் என்று ஒப்புக்கொண்டோம். வாடகைக்குக் கிடைத்தது கேஸ் வண்டி. மேற்கு டெக்சாஸில் டேவிஸ் மலை வரைக்கும் போய் வருவது. எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். வண்டி நன்றாக ஓடினால் என் கட்சி ஜெயித்துவிடும்.

பிறகு சாமான் ஏற்ற ஆரம்பித்தோம். எங்களைப் போன்றவர்கள் எடை விஷயத்தில் எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரர்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஊருக்குப் போகும்போது பெட்டியைக் கொக்கித் தராசில் தொங்கவிட்டுப் பார்த்து, கொஞ்சம் கூடினால் ஊறுகாய் பாட்டிலைக் கைப்பைக்கு மாற்றி, கோட்டுப் பையில் சாக்லேட் திணித்து, விமான நிலையத்தில் சலனமே இல்லாமல் நிற்கிறவர்கள். அந்தத் தராசு எங்கள் சமையலறை இழுப்பறையில் எப்போதும் தயாராக இருக்கும். அன்றைக்கு அதை யாரும் வெளியே எடுக்கவில்லை. விமானம் என்றால் எடை, வண்டி என்றால் இடம். இடம் இருக்கிறது, ஏற்று!

ஏற்றினோம். சாப்பாட்டு அரிசி ஒரு மூட்டை, இட்லி அரிசி ஒரு மூட்டை. உளுந்து, பருப்பு வகையறா. மூன்று குக்கர், இரும்பு தோசைக்கல், இட்லிப் பானை, மிக்ஸி. அதோடு கல்லும் உரலுமாக வெட் கிரைண்டர். சிரிக்காதீர்கள். என் கணவருக்கு இரண்டு வேளை இட்லி வேண்டும், பாலைவனத்து நடுவில் நல்ல மாவு எங்கே கிடைக்கும்? வண்டித் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்தோம். அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா என்று சந்தேகம் வந்ததால் குடிக்கத் தனியாகப் பாட்டில் தண்ணீர், சமைக்கத் தனியாகக் கேன் தண்ணீர். போகிற இடத்தில் யாராவது வந்தால் உட்கார வைக்க மடக்கு நாற்காலிகள். யார் வரப் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

சான் அன்டோனியோ வரை நான் ஓட்டினேன். இதமாகத்தான் இருந்தது, உயரத்தில் உட்கார்ந்து உலகத்தைப் பார்க்கிற மாதிரி. ஆனால் எஞ்சின் மூடியிலிருந்து வந்த சூட்டில் என் வலது முழங்கால் வெந்தது, சத்தத்தில் பேசுவது கேட்கவில்லை. நான் வாயே திறக்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து காலால் தரையை மிதித்துக்கொண்டே வந்தார். பெரிய வண்டிக்கு ஏற்றபடி பெரிய மிதி.

மலை ஏறும்போது ஸ்டியரிங் அவரிடம் இருந்தது. எஞ்சின் அலறியது. வேகம் குறைந்து குறைந்து, ஒரு கட்டத்தில் சைக்கிள்காரர் ஒருவர் எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு முன்னே போனார். பின்னால் கார்கள் ஊர்வலமாக வந்தன. என் கணவரின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

"நான் சொன்னேன்ல?" என்று கத்தினார். சத்தத்தில் கத்தினால்தான் கேட்கும்.

"ஏறுதுங்களே!" என்று நானும் கத்தினேன்.

இறங்கும்போதுதான் வினை. வண்டி தன் பாரத்தாலேயே உருண்டது. அவர் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். கொஞ்ச நேரத்தில் ஏதோ கருகுகிற நாற்றம் வந்தது. வளைவு வளைவாக ரோடு, ஒரு பக்கம் பள்ளம். அப்போது அவர் ரொம்பத் தணிந்த குரலில், "அம்மிணி, கால் எங்க இருக்குன்னே தெரியல எனக்கு" என்றார்.

அவர் இடது காலைத் தூக்கிப் பிரேக்கின் மேல் வைத்து, அடுத்து வந்த ஓரத் திட்டில் எப்படியோ ஏற்றி நிறுத்தினார். கைப்பிரேக்கைப் போட்டார். அவர் நெற்றியெல்லாம் வியர்வை. பிரேக் ஆறும் வரைக்கும் காத்திருந்தோம். பிறகு நான் இறங்கிச் சுற்றி வந்து, "நகருங்க" என்றேன்.

கிளம்புவதற்கு முன்பே கியரைக் கீழே இறக்கிவிட்டேன். எஞ்சின் உறுமிக்கொண்டு வண்டியைப் பிடித்துக்கொண்டது. பின்னால் யார் அவசரப்பட்டாலும் சரி என்று மெதுவாக, பிரேக்கை எப்போதாவது தொட்டு, அடிவாரம் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தேன். எது உடையும் என்று முன்கூட்டியே யோசிக்கிறவளுக்கு மலை இறக்கம் ஏற்ற வேலை. பக்கத்தில் என் கணவர் ஒவ்வொரு வளைவிலும் அப்பா பிரேக்கைப் போட்டார். வலது கால் மரத்திருந்ததால் இடது காலால் போட்டார். உயிர் பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாள் திரும்பும் வழியில், லாரிகள் நிற்கிற பெட்ரோல் பங்கில் எடை மேடை ஒன்று இருந்தது. அவருக்குள் இருந்த எஞ்சினியருக்குப் பொறுக்கவில்லை. வண்டியை ஏற்றினோம். வந்த எடையை, ஓட்டுநர் பக்கத்துச் சுவரில் முதல் நாளிலிருந்தே ஒட்டியிருந்த ஸ்டிக்கரோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். அந்த வண்டி தாங்குகிற பாரத்தை நாங்கள் எப்போதோ தாண்டியிருந்தோம். பெட்டியில் ஊறுகாய் பாட்டிலுக்குக் கணக்குப் பார்த்தவர்கள், கல் கிரைண்டரோடு மலை ஏறியிருக்கிறோம்.

"இதெல்லாம் பேக் பண்ணது யாரு?" என்றார்.

"திங்கறது யாருங்க?" என்றேன்.

அங்கேயே நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். கடைசியில் மடக்கு நாற்காலிக்கு விருந்தாளி நாங்கள்தான். மிச்சமிருந்த இட்லியைச் சாப்பிட்டுக்கொண்டே யோசித்தேன். கிரைண்டரை விட்டுவிட்டு வரலாம், தண்ணீரைக் குறைக்கலாம். ஆனால் ஒரு வருடம் என்பது வார இறுதிப் பயணம் கிடையாது, குடித்தனம். குடித்தனத்துக்குக் கனம் உண்டு. அதைச் சுமக்கிற வண்டியும், இறக்கத்தில் பிடித்து நிறுத்துகிற வண்டியும் டீசல்தான். அவர் சொன்னதுதான் சரி. எனக்கு அதை ஒத்துக்கொள்வதில் வருத்தமில்லை. என் கட்சி தப்பான இடத்தில் நின்றிருக்கிறது, அவ்வளவுதான். நான் போராட வேண்டியது சின்ன வண்டிக்காக இல்லை, பெரிய லைசென்ஸுக்காக.

"ஏனுங்க, டீசலே வாங்கலாம்" என்றேன்.

அவர் இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஆனா அந்த லைசென்ஸ நானும் எடுக்கறேன். பாதித் தூரம் நான்தான் ஓட்டுவேன்."

"அது ஏர் பிரேக்கு அம்மிணி. அது வேற மாதிரி."

"வேற மாதிரின்னா வேற மாதிரி கத்துக்கறேன். நேத்து இறக்கினது யாரு?"

அவர் இட்லியைத் தட்டில் வைத்தார். "நீதான்" என்றார்.

"நான் ஓட்டறப்ப நீங்க பக்கத்துல சும்மா உக்காரணும். காலும் சும்மா இருக்கணும். முடியுமா?"

"பாத்துக்கலாம்" என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "முயற்சி பண்றேன்" என்று திருத்திக்கொண்டார்.

மகளுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டுச் சொன்னோம். நாங்கள் தமிழில் பேசினால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள், அதுதான் எங்கள் வீட்டு வழக்கம். "அம்மா, தட்ஸ் எ பஸ்!" என்றாள். "ஆமா, பஸ்தான்" என்றேன். "அண்ட் அப்பா இஸ் ஓகே வித் யூ டிரைவிங் எ பஸ்?" என்று கேட்டாள். அப்பா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

ஹூஸ்டனுக்கு வெளியே பெரிய வண்டி ஓட்டக் கற்றுத் தருகிற இடத்தில் இரண்டு பேரும் சேர்ந்தோம். வகுப்பில் ஏர் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று பாடம் நடந்தபோது என் கணவர்தான் முதல் மாணவர். காற்றழுத்தம் என்றால் அவருக்குக் கேட்கவா வேண்டும். சொல்லிக் கொடுத்தவரையே இரண்டு இடத்தில் திருத்தினார். எழுத்துத் தேர்வில் இருவருமே தேறினோம். ரோடு டெஸ்ட் அன்றைக்கு முதலில் போனவர் அவர். தேர்வு அதிகாரியிடம் ஏர் பிரேக்கின் உட்புறத்தை விளக்கிக்கொண்டே வலது பக்கம் திரும்பினார் போலிருக்கிறது. பின்சக்கரம் நடைபாதை விளிம்பில் ஏறி இறங்கியது. இன்னொரு நாள் வரச் சொல்லிவிட்டார்கள்.

அடுத்தது நான். ஒரு கண்ணாடியைப் பார்த்தால் இன்னொன்றையும் பார்ப்பேன், பிறகு முதலில் பார்த்ததை மறுபடி பார்ப்பேன். வேலையில் இந்தப் பழக்கத்தை எல்லோரும் கிண்டல் செய்வார்கள், ரிலீஸ் தாமதமாகிறது என்பார்கள். அந்த வண்டி அதைத்தான் என்னிடம் கேட்டது. திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டி நேராகக் கொஞ்சம் போய், பிறகு திருப்பி, பின்சக்கரம் விளிம்பைத் தொடாமல் வருகிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே முடித்தேன். தேறிவிட்டேன். பெருமையாக இருந்தது. அடக்கமாக இருக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

நம்மூர் ஓட்டல்கள் இருக்கிற ஹில்கிராஃப்டில் டிபன் சாப்பிடப் போனோம். நெய் ரோஸ்டின் ஒரு ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "அந்த ரைட் டர்ன் எடுக்கறப்ப நீ எங்க பாத்துட்டு இருந்த?" என்று கேட்டார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் வண்டி ஓட்டுவது பற்றி அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. உப்பு டப்பாவை நடைபாதையாகவும் சட்னிக் கிண்ணத்தைப் பின்சக்கரமாகவும் வைத்துக் காட்டினேன். கவனமாகக் கேட்டார். அடுத்த முறை தேறினார்.

வண்டி வந்ததும் கோயிலுக்குக் கொண்டுபோய் பூஜை போட்டோம். பார்க்கிங்கின் ஒரு கோடி முழுக்க எங்களுக்கே ஆகிவிட்டது. குருக்கள் வழக்கம்போல நாலு எலுமிச்சம்பழத்தோடு வந்து, பின்பக்கம் இரட்டை டயர் என்று பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு எடுக்க உள்ளே போனார். பொட்டு வைத்து, மாலை போட்டு, தேங்காய் உடைத்து முடித்ததும், "டிரைவ் பண்றவா ஏறி, பழத்து மேல ஏத்தி எடுங்கோ" என்றார்.

கேன்டீனிலிருந்து வேடிக்கை பார்க்க வந்திருந்த எல்லோரும் என் கணவரைப் பார்த்தார்கள். காபி தம்பி போனில் வீடியோ எடுக்கத் தயாராக அவர் முகத்துக்கு நேரே நின்றார். என் கணவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். அவர் கொடுக்காவிட்டாலும் நான் கேட்டு வாங்கியிருப்பேன். ஆனால் கேட்க வேண்டியிருந்திருந்தால் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும். அவர் சாவியை என்னிடம் நீட்டி, "அம்மிணிதான் ஓட்டுவா" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். நான் ஏறி பிரேக்கை விடுவித்தேன். ஏர் பிரேக் "புஸ்ஸ்" என்று பெருமூச்சு விட்டதில் அந்தத் தம்பி இரண்டடி துள்ளினார். ஆறு பழமும் நசுங்கின.

அடுத்த வாரம் கிளம்பிவிட்டோம். கிரைண்டரும் வந்தது, இந்த முறை தராசில் நிறுத்த பிறகு. முதல் சில நாட்கள் அவர் கால் சும்மா இருக்கவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. முயற்சி செய்கிறார் என்று தெரிந்தது, கையால் தொடையைப் பிடித்துக்கொண்டே வருவார். அரிசோனாவைத் தாண்டி கலிபோர்னியாவில், பேக்கர்ஸ்பீல்டுக்கு இறங்குகிற நீளமான மலைப்பாதை வந்தது. என் முறை. உச்சியிலேயே வேகத்தைக் குறைத்து எஞ்சின் பிரேக்கைப் போட்டேன். பின்னால் எங்கோ தூரத்தில் எஞ்சின் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு வண்டியைப் பிடித்தது. பிரேக்கைத் தொடவே தேவைப்படவில்லை. லாரிகளோடு லாரியாக இறங்கிக்கொண்டிருந்தேன்.

பாதி இறக்கத்தில் ஸ்பீக்கரில் மகள் வந்தாள்.

"அம்மா, வேர் ஆர் யூ? இஸ் அப்பா டிரைவிங்?"

"இல்ல, நான்தான். மலை எறங்கிட்டிருக்கேன்."

"ஓ நோ. வாட்ஸ் அப்பா டூயிங்?"

"தூங்கறார்."

பின்சீட்டிலிருந்து அந்தக் காலைப் பார்த்தே வளர்ந்தவள், தமிழில் கேட்டாள்.

"அம்மா, அப்பாவோட கால் எங்க இருக்கு?"

ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன். பெல்ட் போட்டபடி வாய் லேசாகத் திறந்திருக்க, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"சீட்டு மேல மடிச்சு வெச்சிருக்கார்" என்றேன்.